விழித்திரையில் விழுந்த துளை தானாக மூடுமா?

“சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுது, நேராப் பாக்குறது மட்டும் தெரியல.”

இந்த ஒரு வரியைக் கேட்டதும் விழித்திரை மருத்துவரின் நினைவு மாகுலாவுக்குப் போய்விடும். பேருந்து தெரிகிறது, அதன் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தெரியவில்லை. ஆள் வருவது தெரிகிறது, யார் என்று பிடிபடவில்லை. கதவு நிலை, ஜன்னல் கம்பி, தரை டைல்ஸின் கோடு எல்லாம் நடுவில் மட்டும் வளைந்தோ ஒடுங்கியோ தெரிகின்றன. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீரும் வடியாது. ஒரு கண்ணில் மட்டும் வந்திருந்தால் மற்றக் கண் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஒரு நாள் தற்செயலாக நல்ல கண்ணைப் பொத்தும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

மாகுலர் ஹோல் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் கோளாறு, விழித்திரையின் மையத்தில் விழும் ஒரு துளை. விழித்திரையின் நடுவே சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதி மாகுலா. அதன் நடுக்குழி ஃபோவியா. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, வெர்னியரில் அளவு பார்ப்பது, முகம் அறிவது என நுணுக்கமான பார்வை எல்லாமே இந்தக் குழியை நம்பி இருக்கிறது. குழியின் அடியில் விழித்திரையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடத்தில் ரத்தக் குழாய்களும் இல்லை. இவ்வளவு மெல்லிய இடத்தில் முழுத் தடிமனுக்கும் ஒரு துளை விழுந்தால் ஆபரேஷன்தான் கதி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான துளைகளுக்கு அது உண்மை. ஆனால் சில துளைகள் கத்தி படாமலேயே மூடிக்கொள்கின்றன. எது மூடும், எது மூடாது என்பதற்கான தடயங்கள் ஸ்கேன் படத்தில் தெரிகின்றன. அந்தப் படத்தைக் காலத்தில் எடுத்துவைப்பது ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துத் தொழிலாளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஓசூருக்கும் இதற்கும் என்ன?

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் முகம் மாறியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. பர்கூர், போச்சம்பள்ளி, சூளகிரி வரை ஆலைகள் நீண்டிருக்கின்றன. கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்தில் கிரானைட் அறுத்து மெருகேற்றும் கூடங்களும் கல்குவாரிகளும் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை 44இல் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் இந்த ஊரில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்ட் முறையில் வேலை நடக்கிறது.

இந்த வேலைகளில் கண்ணுக்கு வரும் ஆபத்துகளில் நமக்குத் தெரிந்தவை இரண்டு: கிரைண்டிங் பொறி கருவிழியில் ஒட்டுவது, வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிந்து சிவப்பது. இரண்டுமே வலிக்கும். வலிப்பதால் உடனே டாக்டரிடம் ஓடுவார்கள். நான் சொல்ல வந்தது வலி அடங்கியபின் தங்கிவிடும் சேதம். ஸ்பானர் நழுவி முகத்தில் அடிக்கிறது. அழுத்தத்தில் இருந்த காற்றுக்குழாயின் முனை கழன்று துள்ளுகிறது. லாரியில் தார்ப்பாய் கட்டும் ரப்பர் கயிற்றின் கொக்கி தெறிக்கிறது. இமை வீங்கி, கண் ரத்தமாகிவிடும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து கண் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே மாகுலாவில் துளை விழுந்திருப்பது வெளியே தெரியாது.

ஆலைக்கு வெளியிலும் இதே அடி உண்டு. கிரிக்கெட் பந்து, கிட்டிப்புள், தீபாவளி வெடி, இருசக்கர வாகன விபத்து. அடிபட்டு மாகுலா துளையோடு வருபவர்களில் இளைஞர்களும் சிறுவர்களும் அதிகம் என்பது உலகம் முழுக்கப் பார்த்த அனுபவம். சிறுவர்கள் பார்வை குறைந்ததைத் தாங்களாகச் சொல்வதே இல்லை.

ஓசூர் போன்ற ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் இன்னொரு ஆபத்து லேசர். தகடு வெட்டவும் பற்றவைக்கவும் ஃபைபர் லேசர் எந்திரங்கள் இன்று சிறு பட்டறைகளிலும் புகுந்துவிட்டன. அவற்றின் கதிர் சுமார் 1,070 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடிக் காக்கும் அனிச்சைச் செயல் வேலை செய்யாது. கண்ணின் லென்ஸ் அந்தக் கதிரைக் குவித்து நேராக மாகுலாவில் இறக்கிவிடும். சாதாரண வெல்டிங் கண்ணாடி இதற்குப் போதாது. எந்த அலைநீளத்துக்கு என்று எழுதப்பட்ட லேசர் கண்ணாடிதான் வேண்டும். லேசரால் விழுந்த மாகுலா துளைகள் மருத்துவ ஏடுகளில் பல பதிவாகியிருக்கின்றன. அவற்றிலும் சில தானாக மூடியிருக்கின்றன.

வயதால் ஒன்று, அடியால் ஒன்று

ஹெர்மன் நாப் என்ற கண் மருத்துவர் 1869இல் அடிபட்ட கண்ணில் இந்தத் துளையை விவரித்தார். அதன்பின் வெகுகாலம் இது அடியால் வருவது என்றே கருதப்பட்டது. உண்மையில் பெரும்பாலான துளைகள் அறுபதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, எந்த அடியும் இல்லாமல் வருகின்றன. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டின் கிராமத்திலும் நகரத்திலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 0.17 விழுக்காட்டினருக்கு இந்த வகைத் துளை இருந்தது. ஆயிரம் பேருக்கு இருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் காரணம் விட்ரியஸ். கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் அந்த ஜெல்லி, வயதாக ஆக நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டு மெல்லப் பிரிகிறது. பெரும்பாலோருக்கு இது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். சிலருக்கு ஃபோவியாவோடு ஒட்டிய இடத்தில் மட்டும் பிடி விடாது. சுற்றிலும் பிரிந்து நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு இழுக்கும்போது அந்த மெல்லிய குழி தூக்கப்பட்டு, கிழிந்து, துளையாகிறது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் காஸ் 1988இல் இதைப் படிநிலைகளாகப் பிரித்துச் சொன்னார். முதல் நிலையில் துளை இன்னும் முழுதாக விழவில்லை, விழப்போகிறது. அந்த நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விட்ரியஸ் பிடியை விட்டுவிட, கண் தானே சரியாகிவிடுகிறது.

அடியால் வரும் துளையின் கதை வேறு. கண் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. விழித்திரை இழுபட, அதன் மிக மெல்லிய இடம் பிளக்கிறது. இளைஞரின் கண்ணில் விட்ரியஸ் பெரும்பாலும் பிரியாமல் ஒட்டியே இருக்கும். ஒரே ஒரு முறை வந்து போன அதிர்ச்சி என்பதால் தொடர்ந்து இழுக்கும் விசை குறைவு, ஆறும் திறனும் அதிகம். தானாக மூடும் வாய்ப்பு இந்த வகையில் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

எல்லாம் மாறிய 1991

ஒரு காலத்தில் இந்தத் துளைக்கு வைத்தியமே இல்லை. “இருக்கிற பார்வையோடு பழகிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். 1991இல் அமெரிக்காவின் கெல்லி, வெண்டல் என்ற இருவர் 52 கண்களில் விட்ரியஸை அகற்றி, வாயுக் குமிழை நிரப்பி, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். 58 விழுக்காடு துளைகள் மூடின. அதே ஆண்டு, எம்ஐடியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் ஓசிடி என்ற படமெடுக்கும் முறையை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். டேவிட் ஹுவாங் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர். 2023இல் ஃபுஜிமோட்டோ, ஹுவாங், எரிக் ஸ்வான்சன் மூவருக்கும் இதற்காக லாஸ்கர் விருது கிடைத்தது. துளையை மூடும் வழியும் துளையைப் பார்க்கும் வழியும் ஒரே ஆண்டில் கிடைத்தன.

ஓசிடி ஊடுகதிர் படம் இல்லை, ஊசியும் இல்லை. கண்ணுக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் நேர வேறுபாட்டை அளந்து, விழித்திரையின் குறுக்குவெட்டை அடுக்கு அடுக்காக வரைகிறது. மேவாயை வைத்து ஒரு பச்சைப் புள்ளியையோ நீலப் புள்ளியையோ சில நொடிகள் பார்த்தால் போதும். ஐந்து மைக்ரான் வரை பிரித்துக் காட்டும் எந்திரங்கள் இன்று நடைமுறையில் இருக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ எழுபது மைக்ரான். இந்த நுணுக்கம் கிடைத்த பிறகுதான் ஒரு துளை எப்படி மூடுகிறது என்பதை வாரா வாரம் பார்த்துப் பதிய முடிந்தது.

படத்தில் தெரியும் தடயங்கள்

மருத்துவர் முதலில் அளப்பது துளையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம். 2013இல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த கணக்கில் 250 மைக்ரான் வரை சிறியது, 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. தானாக மூடியதாகப் பதிவான துளைகளில் பெரும்பாலானவை சிறியவை. கால் மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஒரு துளைக்கும் அரை மில்லிமீட்டர் துளைக்கும் எதிர்காலமே வேறு.

அடுத்தது விட்ரியஸின் நிலை. படத்தில் அது விழித்திரைக்கு மேலே ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். முதல் ஸ்கேனில் அந்தக் கோடு துளையின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஸ்கேனில் கோடு விலகி, கிழிந்த சிறு துணுக்கோடு மேலே மிதக்கிறது. வயதானவர் கண்ணில் இது நல்ல சேதி. இழுத்த கை விட்டுவிட்டது, இனி விளிம்புகள் ஒன்றை ஒன்று நோக்கி வர வழி இருக்கிறது.

மூன்றாவது, விளிம்பில் இருக்கும் நீர்க்குமிழ்கள். துளை விழுந்த விழித்திரை, நனைந்த பஞ்சைப் போல நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. அந்த உப்பலே விளிம்புகளை விலக்கித் துளையைப் பெரிதாக்கவும் செய்யும். ஸ்கேனுக்கு ஸ்கேன் இந்தக் குமிழ்கள் சிறுத்துக்கொண்டே வந்தால் துளை மூடும் பாதையில் இருக்கிறது என்று கொள்ளலாம். அடிபட்ட கண்களில் ஓசிடியை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், துளை சிறியதாக இருப்பதும் விளிம்பில் நீர்க்குமிழ் இல்லாமல் இருப்பதும் தானாக மூடுவதற்கான முன்னறிகுறிகளாகத் தெரிந்தன.

நான்காவது அறிகுறியைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. துளையின் இரு கரையிலிருந்தும் மெல்லிய இழை ஒன்று புறப்பட்டு நடுவில் சேர்ந்து பாலம் போடுகிறது. இது பெரும்பாலும் விழித்திரையின் மேல்பாதியில் நடக்கும். கீழே ஒரு வெற்றிடம் அப்படியே இருக்கும். ம்யூலர் செல்கள் எனப்படும் தாங்கு செல்கள் நீண்டு பெருகி இந்தப் பாலத்தைக் கட்டுகின்றன என்பதே பொதுவான விளக்கம். பாலம் விழுந்த பிறகு அது சுருங்கி இரு கரையையும் அருகே இழுக்கிறது. கீழே உள்ள வெற்றிடம் நிரம்ப வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

பாலம் விழுந்துவிட்டது என்பதாலேயே பார்வை வந்துவிடாது. ஒளியை உணரும் செல்கள் கீழ் அடுக்கில் இருக்கின்றன. ஓசிடியில் இரண்டு வெள்ளைக் கோடுகளை மருத்துவர்கள் தேடுவார்கள். மேலே இருப்பது வெளி எல்லைச் சவ்வு, அதற்குக் கீழே எலிப்சாய்டு பட்டை. முதலில் மேல்கோடு அறுபடாமல் இணையும், பிறகு கீழ்கோடு. இரண்டும் ஒட்டினால் பார்வைப் பலகையில் கீழ்வரிகளைப் படிக்கலாம். மேல்பகுதி மூடி, கீழ்கோடு அறுந்தே கிடந்தால் “துளை மூடிவிட்டது” என்று அறிக்கை சொல்லும், நோயாளிக்கோ எழுத்து தெளியாது. அறிக்கையின் ஒரு வரியை மட்டும் படித்து ஏமாறக் கூடாது.

கெட்ட அறிகுறிகளும் உண்டு. விளிம்புகள் உப்பாமல் தட்டையாகப் படிந்து, நடுவில் அடித்தரை வெறிச்சென்று தெரிவது. அடியின் வேகத்தில் விழித்திரைக்குக் கீழே இருக்கும் கோராய்டு படலமும் கிழிந்திருப்பது. துளையைச் சுற்றி மெல்லிய சவ்வு வளர்ந்து விளிம்பை வெளிப்புறம் இழுப்பது. அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்களில் அகலம் கூடியிருப்பது. இவற்றைப் பார்த்தால் காத்திருப்பதற்கு இனி அர்த்தமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிபட்ட முதல் நாள் மாகுலா வெளுத்து வீங்கியிருக்கும். துளை அன்றே தெரியாமல் சில நாள் கழித்து வெளிப்படலாம். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று விட்டுவிடாமல் ஓரிரு வாரத்தில் மறுபடி பார்ப்பது அவசியம்.

எத்தனை மூடும், எவ்வளவு நாளில்?

ஜப்பானிய மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், அடியால் துளை விழுந்த 18 கண்களில் 8 தானாக மூடின. வேறு தொகுப்புகளில் இந்த விகிதம் கூடியும் குறைந்தும் இருக்கிறது. எல்லாமே சிறிய எண்ணிக்கைகள். மூடியவை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மூடின. சிறு வயது, சிறு துளை, பிரியாத விட்ரியஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம்பிக்கை கூடுகிறது.

வயதால் வரும் துளைகளில் கணக்கு வேறு. ஓக்ரிபிளாஸ்மின் என்ற ஊசி மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்காக நடந்த பெரிய ஆய்வில், மருந்து போட்ட கண்களில் 40.6 விழுக்காடு துளைகள் 28 நாளில் மூடின. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கும் 10.6 விழுக்காடு மூடின. அவை எல்லாம் 400 மைக்ரானுக்கு உட்பட்ட, விட்ரியஸ் பிடித்திருந்த துளைகள். எல்லா வகைத் துளைகளையும் சேர்த்தால் விகிதம் இன்னும் குறையும். ஆக, அறுபது வயது அம்மாவின் துளையும் இருபது வயது மகனின் துளையும் ஒரே பெயரில் வந்தாலும் இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

வெறும் ஊசிக்கே மூடிய அந்தப் பத்து விழுக்காட்டில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சில துளைகள் ஒன்றுமே செய்யாமல் மூடுகின்றன என்றால், அந்த நேரத்தில் எந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் “எங்கள் மருந்தால் ஆறியது” என்று சொல்லிவிட முடியும். கண்ணில் சாறு விடும் வைத்தியம், கண் பயிற்சி வகுப்பு, ஆபரேஷன் இல்லாமல் ஓட்டையை அடைப்போம் என்ற விளம்பரம் எல்லாம் இந்தச் சந்து வழியே நுழைகின்றன. சில மருத்துவர்கள் சிறு துளைகளுக்கு, விளிம்பு நீரை வற்றவைக்கும் சொட்டு மருந்துகளைத் தருகிறார்கள். மூடியதாகப் பதிவுகளும் இருக்கின்றன. ஆனால் அதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு தானாக என்பதைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வலுவான சான்று இன்னும் சேரவில்லை. அந்தச் சொட்டுகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது மிகப் பெரிய தவறு. ஸ்டீராய்டு கலந்த சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றி, துளையைவிடப் பெரிய இழப்பைக் கொண்டுவந்துவிடும்.

கவனித்துக் காத்திருப்பது

காத்திருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதில் தேதி இருக்க வேண்டும். அடுத்த ஸ்கேன் என்றைக்கு, அதில் எதைப் பார்ப்போம், எவ்வளவு பெரிதானால் ஆபரேஷனுக்குப் போவோம், அதிகபட்சம் எத்தனை மாதம் பொறுப்போம் என்பதெல்லாம் முதல் நாளே பேசப்பட வேண்டும். அடிபட்ட இளைஞருக்குச் சிறு துளை என்றால் மூன்று மாதம் வரை பார்ப்பது பல மருத்துவர்களின் வழக்கம், முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம். வயதானவரின் பெரிய துளையில் அப்படி நாள் கடத்துவது நியாயமே இல்லை. துளை விரிய விரிய, காலம் ஓட ஓட, ஆபரேஷனில் மூடினாலும் திரும்பும் பார்வை குறைகிறது. இன்றைய ஆபரேஷனில் விழித்திரையின் உள் எல்லைச் சவ்வையும் உரித்து எடுப்பதால் பத்தில் ஒன்பதுக்கு மேல் துளைகள் மூடுகின்றன. இந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு “தானா சரியாயிடும்” என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பது கண்ணை இழப்பதற்கான வழி.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. கட்டம் போட்ட ஒரு கணக்கு நோட்டுத் தாளின் நடுவில் புள்ளி வைத்து, படிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைகின்றனவா, நடுவில் கட்டம் காணாமல் போகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துத் தேதியோடு குறித்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் மெல்லிய ஒளிக்கீற்றைத் துளையின் மேல் பாய்ச்சி “கோடு முழுசா தெரியுதா, நடுவுல அறுந்திருக்கா?” என்று கேட்பார்கள். ஓசிடி இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய பழைய, பயனுள்ள பரிசோதனை அது.

கர்நாடக எல்லையோரத்தில் இருப்பதால் இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதல் ஸ்கேன் ஓசூரில், அடுத்தது பெங்களூரில், மூன்றாவது சொந்த ஊருக்குப் போனபோது சேலத்தில் அல்லது ஒடிசாவில். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான், ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. போய் வருவது எளிது என்பதால் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறுகிறார்கள். ஆனால் வெவ்வேறு கம்பெனி எந்திரத்தின் அளவுகளை அப்படியே ஒப்பிட முடியாது. போனில் எடுத்த ஒரே ஒரு வெட்டுப்படம் துளையின் அகலமான இடத்தைக் காட்டுகிறதா, ஓரத்தைக் காட்டுகிறதா என்றும் சொல்ல முடியாது. ஓரத்து வெட்டைப் பார்த்து “சிறுத்துவிட்டது” என்று மகிழ்ந்துவிடுவோம். முடிந்தவரை ஒரே எந்திரத்தில், எல்லா வெட்டுகளோடும் கோப்பாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாயுக் குமிழும் மேட்டுநிலப் பயணமும்

ஆபரேஷன் என்று முடிவானால் இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். எஸ்எஃப்6 வாயு இரண்டு, மூன்று வாரம் இருக்கும். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம். அந்தக் குமிழ் உள்ளவரை விமானத்தில் ஏறக் கூடாது என்று எல்லா மருத்துவமனையிலும் சொல்வார்கள். உயரே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, குமிழ் விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். விமானத்தில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல இது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு இரவுப் பேருந்தில் ஓசூர் வருபவர் விடிவதற்குள், வெளிக்காற்றின் அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். கண்ணில் இருக்கும் வாயு அந்த அளவுக்கு விரியப் பார்க்கும். மலைச்சாலையில் ஏறியபோது கண்வலியும் அழுத்தமும் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. பெங்களூரும் ஓசூரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் அங்கிருந்து வருபவருக்கு இந்தக் கவலை குறைவு. சென்னை, மதுரை, கோவை என்று கீழே போய் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் “என் ஊர் மேட்டில் இருக்கிறது, எப்போது திரும்பலாம்?” என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வாயு இருக்கும்போது வேறு ஆபரேஷன் எதற்காவது மயக்கம் கொடுக்க நேர்ந்தால் அந்த மயக்க மருத்துவருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். நைட்ரஸ் ஆக்ஸைடு அந்தக் குமிழை வேகமாகப் பெருக்கிவிடும்.

அடிபட்ட அன்றே ஒரு படம்

மாகுலா துளை தொழிலாளியின் உரிமையோடும் சம்பந்தப்பட்டது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐ காப்பீட்டு வளையத்துக்குள் வருகிறார்கள். வேலையில் பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர இழப்பு என்றால் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு இருக்கிறது: மற்றக் கண் நன்றாக இருக்க, ஒரு கண்ணின் பார்வை முழுதும் போனால் வருமான இழப்பு 30 விழுக்காடு, ஓரளவு போனால் 10 விழுக்காடு. இஎஸ்ஐ இல்லாத இடத்தில் 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இதே அட்டவணைதான் இருந்தது.

இங்கேதான் தானாக மூடும் துளை சிக்கலாகிறது. அடிபட்ட மறுமாதமே நிரந்தர இழப்பு என்று முத்திரை குத்தினால், ஆறு மாதத்தில் மூடியிருக்கக்கூடிய கண்ணுக்கு அவசரத் தீர்ப்பு. மாறாக, ஸ்கேனே எடுக்காமல் விட்டு, ஒரு வருடம் கழித்துப் பெரிய துளையோடு வந்து நின்றால் “இது வேலையில் பட்டது என்பதற்கு என்ன சான்று?” என்ற கேள்வி வரும். இரண்டுக்கும் பதில் தேதியிட்ட முதல் ஓசிடி. மைக்ரான் அளவோடு அது கையில் இருந்தால் சிகிச்சைக்கும் வழி, இழப்பீட்டுக்கும் ஆதாரம். கான்ட்ராக்ட் மாறினால் ஊரே மாறிவிடும் தொழிலாளிக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம்.

கிருஷ்ணகிரி போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லையோர ஆலைகளின் கண் காயங்களை ஒரே பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. எத்தனை துளைகள் தானாக மூடின, எத்தனை தாமதத்தால் கெட்டன என்று நம் ஊர்த் தொழிலாளிகளின் கண்களிலிருந்தே ஒரு கணக்கு வந்தால், ஜப்பானின் 18 கண்களை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அரசு இதைச் செய்ய வேண்டும். ஆலைகளின் பாதுகாப்பு அதிகாரிகள் தங்கள் முதலுதவிக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: முகத்தில் அடிபட்டவருக்கு வலி குறைந்துவிட்டாலும் கண்பாப்பாவை விரித்து விழித்திரைப் பரிசோதனை, ஓசிடி, இரண்டு வாரம் கழித்து மறுபடி.

இதைப் படிக்கும் நீங்கள் இன்றே ஒரு கண்ணைப் பொத்தி எதிரே இருக்கும் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். கம்பி வளைந்தாலோ நடுவில் அறுந்தாலோ, இந்த வாரத்துக்குள் ஒரு விழித்திரை மருத்துவரிடம் போய் ஓசிடி எடுத்து, அந்தப் படத்தின் நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.